மூன்றாவது ஆம்பளை தேவை

சேகோ பெஞ்ச், யூட்டா
அக்டோபர், சனிக்கிழமை பிற்பகல்

அன்புள்ள தங்கை மௌரீனுக்கு,

அண்ணன் வெர்டெல் எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளை டெல்பர்ட்டும் அரிசோனா வெயிலில் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபத்தில் சொல்லிவருகிறேன். நான் இங்கே சௌக்கியம். இடது முழங்கால், இரண்டு தோள்பட்டைகள், முதுகின் கீழ்ப்பகுதி ஆகியவை இந்த வாக்கியத்தில் சேராது. காரணம் கீழே வருகிறது.

முதலில் நீ கேட்டதற்குப் பதில். சம்மதம். இந்த வீட்டை விற்றுவிட்டு மெசாவுக்கு, உன் வீட்டுப் பின்பக்க அறைக்கு வந்துவிடுகிறேன். "தனியா இருந்தா ஒருநாள் செத்துக்கூடப் போவே, யாருக்கும் தொந்தரவு வேண்டாம்னு அதையும் சொல்லாம இருந்துடுவே" என்று போன மாதம் தொலைபேசியில் சொன்னாய். அதை நான் பல கோணங்களில் யோசித்துப் பார்த்தேன். மறுக்க ஒன்றும் கிடைக்கவில்லை. அறைக்குத் திரைச்சீலை தைத்தாகிவிட்டது என்றும் சொன்னாய். தைத்த பிறகு நான் வராமல் இருப்பது சரியல்ல. ஆகவே சம்மதம். இதை நான் திங்கட்கிழமையே எழுதியிருக்க வேண்டும். ஏன் இன்றுவரை எழுதவில்லை என்று சொல்லாவிட்டால் நீ தப்பாக நினைப்பாய். சொன்னாலும் நினைக்கலாம். எதற்கும் சொல்லிவிடுகிறேன்.

என் வீட்டில் தரைக்கு அடியிலிருக்கும் கீழ்த்தளத்தில் இரண்டு மிஷனரிப் பையன்கள் குடியிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தேன் அல்லவா? ஒருவர் மூப்பர் எக்பர்ட். ஐடஹோவில் உருளைக்கிழங்குப் பண்ணைக்காரர் மகன், பத்தொன்பது வயது, ஒல்லி, காதுகள் மட்டும் முழு வளர்ச்சி அடைந்துவிட்டன. இன்னொருவர் மூப்பர் புலோட்டு. டோங்காத் தீவுக்காரர். குளிர்சாதனப் பெட்டிக்கு வெள்ளைச் சட்டை போட்டு டை கட்டியதுபோல இருப்பார். முகத்தில் பரு மாறாத இவர்கள் மூப்பர்கள். எழுபத்துநாலு வயதான நான் வெறும் பிரதர். நம் சபையில் இது சகஜம்தான், ஆனாலும் 'மூப்பரே, சாக்ஸைத் துவைத்தீர்களா' என்று கேட்கும்போது எனக்குச் சற்று கூச்சமாகவே இருக்கிறது.

திங்கட்கிழமை அவர்களுக்கு ஓய்வு நாள். ஓய்வு என்றால் துணி துவைப்பது, ஒருவருக்கொருவர் முடி வெட்டிவிடுவது, அம்மாவிடம் தொலைபேசியில் பேசுவது, பிறகு சபை மண்டபத்தில் கூடைப்பந்து விளையாடி எதையாவது உடைத்துக்கொள்வது. இந்தத் திங்கட்கிழமை ஆட்டத்தில் புள்ளி குறிக்க ஆள் இல்லை என்று என்னை அழைத்தார்கள். நான் ஓரமாகத்தான் உட்கார்ந்திருந்தேன். பந்து உருண்டு என் காலடிக்கு வந்தது. எடுத்துக் கொடுப்பது மரியாதை என்று நினைத்துக் குனிந்தேன். அந்தப் பந்தை எடுக்க மூப்பர் புலோட்டு முழு வேகத்தில் ஓடிவருகிறார் என்று எனக்குத் தெரியாது. அவர் என்னைப் பார்த்துவிட்டார். நல்ல பிள்ளை, என் மேல் விழாமல் என்னைத் தாண்டிக் குதித்தார். தாண்டியும் விட்டார். தரைக்கு வந்தபோதுதான் கணுக்கால் போயிற்று. மருத்துவமனையில் கட்டுப் போட்டு, ஒரு வாரம் காலை ஊன்றக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். போகும் வழியெல்லாம் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பிரதர், உங்களுக்கு ஒண்ணும் ஆகலியே?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். அது எனக்கு இன்னும் வேதனையாக இருந்தது.

இங்கேதான் சங்கடம் ஆரம்பம். மிஷனரிகள் எப்போதும் ஜோடி ஜோடியாகவே இருக்க வேண்டும், ஒருவர் கண்ணிலிருந்து ஒருவர் மறையக்கூடாது. ஒருவர் படுத்துவிட்டால் இன்னொருவர் வெளியே போக முடியாது. மூப்பர் எக்பர்ட்டுக்கோ ஒரு வாரம் வீணாகிறதே என்று அழுகை வராத குறை. நமது பிஷப் ஹாட்லக், பிழைப்புக்கு நடத்தும் தன் டயர் கடையிலிருந்து கையைத் துடைத்தபடியே வந்தார். வந்து என் தோளில் கை போட்டார். பிஷப் தோளில் கை போட்டால் அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்கும் தெரியும்.

"பிரதர் ஷம்வே, இந்த வாரம் ஏதாச்சும் வேலை இருக்கா?" என்றார்.

பொய் சொல்லக்கூடாது என்பதால் யோசித்தேன். நான் யோசித்த இடைவெளியில் அவர், "ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லிவிட்டார்.

மான் வேட்டை தொடங்கும் வாரம். ஊரில் துப்பாக்கி தூக்கத் தெரிந்த ஆண்கள் எல்லாரும் கூடாரம், போர்வை, உணவுப் பெட்டி என்று மலைக்குக் கிளம்பும் மும்முரத்தில் இருந்தார்கள். பிஷப்பும்தான். அதனால் மிச்சம் இருந்த நான் மூப்பர் எக்பர்ட்டுக்கு ஒரு வாரத்துக்கு ஜோடி. கீழ்த்தளத்தில் மூப்பர் புலோட்டுக்குத் துணையாகப் பிரதர் நெபெக்கரை உட்கார்த்தினார்கள். தொண்ணூறு வயது. உட்கார்ந்த நிமிடமே தூங்கிவிட்டார். கண்ணுக்கு எதிரே இருக்க வேண்டும் என்பதுதான் விதி, கண் விழித்திருக்க வேண்டும் என்று எங்கேயும் சொல்லவில்லை. மிஷன் தலைவரும் தொலைபேசியில் சரி என்றார். யாராவது ஒருவர் முடியாது என்பார் என்று கடைசிவரை எதிர்பார்த்தேன்.

மௌரீன், சாதாரணமாக யாரும் கேட்காத ஒன்றை நான் கேட்டு வாங்கிப் படித்தேன், மிஷனரிகளின் விதிமுறைகள். படித்ததை அப்படியே கடைப்பிடித்தேன். காலை ஆறரைக்கு எழ வேண்டும். ஜெபம். பிறகு உடற்பயிற்சி. தரையில் கையூன்றித் தண்டால் எடுக்க வேண்டும் என்றார் மூப்பர் எக்பர்ட். கீழே போகும் பாதியை நான் செய்தேன். மேலே வரும் பாதியை அவர் செய்துவைத்தார். பிறகு வேதம் படிப்பு, பிறகு தெரு. ஒருவர் கண்ணிலிருந்து ஒருவர் மறையக்கூடாது என்பதற்குக் கழிப்பறை மட்டும் விலக்கு. என் வயதில் அந்த விலக்கு இல்லாவிட்டால் நான் இந்தப் பொறுப்பையே ஏற்றிருக்க முடியாது. இருந்தாலும் விலக்கு எனக்குத்தானே தவிர, வெளியே நிற்கும் அவருக்கு இல்லை. பெட்ரோல் பங்க், நூலகம், தீவனக் கடை, மறுபடி பெட்ரோல் பங்க் என்று அந்தப் பிள்ளை ஊரிலுள்ள எல்லாக் கதவுகளுக்கும் வெளியே கையில் வேதப் புத்தகத்துடன் காவல் நின்றது. தீவனக் கடைக்காரர், "என்ன மூப்பரே, உள்ள இருக்கிறவருக்கு உபதேசமா?" என்று கேட்டாராம்.

செவ்வாய்க்கிழமை கதவு தட்டினோம். இந்த ஊரில் கதவைத் தட்டுவதில் ஒரு பிரச்சினை. திறப்பவர் நம் சபைக்காரராகவே இருப்பார், வாசலில் நிற்பவரைவிட வேதம் தெரிந்தவராக இருப்பார், உள்ளே கூப்பிட்டுச் சாப்பிடவும் வைத்துவிடுவார். முதல் வீட்டில் கேரட் துருவிப் போட்ட பச்சை ஜெல்லி. இரண்டாம் வீட்டிலும் அதே. அதற்கு மேல் நான் மெதுவாகத் தட்ட ஆரம்பித்தேன். எவ்வளவு மெதுவாக என்றால், ஒரு வீட்டில் நான் தட்டி முடித்துத் திரும்பி நடந்த பிறகு மூப்பர் எக்பர்ட், "பிரதர், எப்பத் தட்டப் போறீங்க?" என்று கேட்டார்.

கடைசியில் ஸ்பிரிங் தெருவில் ஒரு வீடு. அங்கே புதிதாகக் குடிவந்திருந்தவர் ரிட்ஸோ. நெவாடாக்காரர். லாஸ் வேகஸில் சீட்டாட்ட மேஜையில் காலமெல்லாம் சீட்டுப் போட்டு ஓய்வு பெற்றவர். சாமான் இன்னும் வந்து சேரவில்லை. காலி வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். காபி நம் சபைக்கு ஆகாது என்பதால், நம் ஊரில் காபி வாசனை வீட்டுக்குள்ளிருந்து வந்து நான் கண்டதில்லை. மூப்பர் எக்பர்ட்டுக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஐந்து மாதத்தில் அவருக்குக் கிடைத்த முதல் அந்நியர்.

ரிட்ஸோ பொறுமையாகத்தான் பேசினார். தனக்கு மதம் எதுவும் தேவைப்படவில்லை, காபியை விடும் எண்ணம் இல்லை, காலை நேரத்தில் ஆத்துமாவைப் பற்றிப் பேசினால் தலை வலிக்கும் என்றார். ஒவ்வொன்றும் எனக்கு நியாயமாகப் பட்டது. தலையை ஆட்டினேன். "நீங்க சொல்றதுல ஒரு ஒழுங்கு இருக்கு. காலை நேரம் சரிப்படாதுதான்" என்றுகூடச் சொல்லிவிட்டேன்.

தெருவுக்கு வந்த பிறகு மூப்பர் எக்பர்ட் கேட்டார். "பிரதர், நீங்க எந்தப் பக்கம்?"

பெட்ரோல் பங்க் பக்கம் என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

வியாழக்கிழமை சேவை நாள். நம் ஆட்களுக்கு யாராவது வீடு மாற்றுகிறார்கள் என்றால் போதும், கேட்காமலே போய்ச் சாமான் தூக்கும் சுபாவம். லோஃப்கிரீன் குடும்பம் வேறு ஊர் போகிறது, பின்சந்தில் லாரி நிற்கும், போய்க் கைகொடுங்கள் என்று பிஷப் மலைக்குக் கிளம்புமுன் சொல்லியிருந்தார். போனோம். பின்சந்தில் லாரி நின்றது. ஆள் யாரும் இல்லை, சாப்பிடப் போயிருப்பார்கள் போல. சாமானில் பாதி லாரியில், பாதி வீட்டுக்குள். கதவு திறந்தே கிடந்தது. நான் முப்பத்தைந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் வடிவ கணிதம் சொல்லிக்கொடுத்தவன். ஆனால் பாதி உள்ளே, பாதி வெளியே என்றால் அது எந்தத் திசையில் போய்க்கொண்டிருக்கிறது என்று கண்டுபிடிக்க எந்தத் தேற்றமும் இல்லை. யாரிடமாவது கேட்டுவிடலாமே என்றார் மூப்பர் எக்பர்ட். வீடு மாற்றுகிறவர்களுக்கு ஆயிரம் கவலை இருக்கும், நாமும் போய்த் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன்.

ஏற்றினோம். கட்டில், அலமாரி, நாற்காலிகள், பெட்டிகள். சோபா ஒன்று, அதை நினைத்தாலே முதுகு இன்றைக்கும் பேசுகிறது. எல்லாவற்றையும் ஏற்றிக் கயிறு கட்டி, போகிறவர்களுக்கு மரியாதையாக இருக்கட்டுமே என்று காலி வீட்டைப் பெருக்கியும் விட்டோம். நான் ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தபோது முன்கதவு திறந்தது. ஒரு கையில் மளிகைப் பை, மறு கையில் நாய்க் கயிற்றோடு ரிட்ஸோ உள்ளே வந்தார்.

பின்சந்திலிருந்து பார்த்தால் எல்லா வீடும் ஒன்றுபோலத்தான் இருக்கும், மௌரீன். லோஃப்கிரீன் வீடு அடுத்தது. நாங்கள் ஏற்றியது, அன்றுதான் வந்து இறங்கிக்கொண்டிருந்த ரிட்ஸோவின் சாமான். அவர்களுடைய லாரி வரவே மாலை ஆகியிருக்கிறது.

ரிட்ஸோ பையைக் கீழே வைத்தார். நான்கு சுவரையும் பார்த்தார். என்னைப் பார்த்தார், என் கையிலிருந்த துணியைப் பார்த்தார். பிறகு ரொம்ப அமைதியாகச் சொன்னார்: "அன்னிக்கு என் ஆத்துமாவைக் கேட்டு வந்தீங்க. இல்லைன்னேன். அதுக்காகச் சோபாவைத் தூக்கிட்டுப் போவீங்களா பெரியவரே?"

எல்லாவற்றையும் திரும்ப இறக்கினோம். அலமாரியை எந்தச் சுவரோரம் வைப்பது என்று நான் கேட்டதற்கு, "நாளைக்கு எப்படியும் எடுக்கப் போறீங்க, எங்க வெச்சா என்ன?" என்றார். அவர் பக்கத்து நியாயத்தை மறுக்க முடியவில்லை. இந்தத் தடவை மூப்பர் எக்பர்ட்டும் தலையை ஆட்டினார்.

இப்போது வெள்ளிக்கிழமை. அதைப் பற்றித்தான் உன் அபிப்பிராயம் வேண்டும், ஏனென்றால் அங்கே நான் யாரையோ புண்படுத்திவிட்டேன், எதனால் என்று தெரியவில்லை.

சிஸ்டர் லரூவை உனக்கு ஞாபகம் இருக்கும். தேனீ வளர்த்த ஆர்வல் டோல்மனின் மனைவி. ஆர்வல் போய் ஆறு வருஷம் ஆகிறது. ஊரில் லரூவைப்போலச் சமைப்பவர் கிடையாது என்பார்கள். நான் சாப்பிட்டதில்லை. மிஷனரிகளும் ஒழுங்காகச் சாப்பிட்டதில்லை, ஏனென்றால் பெண் தனியாக இருக்கும் வீட்டுக்குள் அவர்கள் போகக்கூடாது. கூட இன்னொரு ஆண்பிள்ளை இருந்தால்தான் போகலாம். அதனால் அவர் தட்டில் வைத்து மூடிக் கொடுப்பார், பையன்கள் வாசற்படியில் உட்கார்ந்து குளிரில் சாப்பிடுவார்கள். இந்த வாரம் நான் கூட வருகிறேன் என்று கேள்விப்பட்டதும், மேஜை விரிப்புப் போட்டுச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுவிட்டார்.

போனோம். கதவைத் திறந்தார். சுட்ட பன்றித்தொடை, தேன் தடவிய ரொட்டி வாசனை. மூப்பர் எக்பர்ட் ஒரு காலை உள்ளே வைத்தேவிட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"என்ன பிரதர்?"

"மூணாவது ஆள் யாரு?"

"நீங்கதான்."

நான் விளக்கினேன். மூப்பர் புலோட்டுவின் இடத்தில் நான் இருக்கிறேன். ஆகவே நான் ஜோடியில் இரண்டாவது. இரண்டாவதாக இருப்பவனே மூன்றாவதாகவும் இருக்க முடியாது. இருக்கலாம் என்று வைத்துக்கொண்டால் இரண்டாவது இடம் காலியாகிறது, அப்போது மூப்பர் எக்பர்ட் ஜோடியில்லாமல் நிற்கிறார், அது இதைவிடப் பெரிய தப்பு. நான் சொன்னதில் குறை இருந்தால் எழுது. இதையெல்லாம் வாசலில் நின்று, முதல் படியிலிருந்து வரிசையாகச் சொல்லி முடித்தேன். சிஸ்டர் லரூ அடுப்புக் கையுறையோடு கதவைப் பிடித்தபடி முழுவதையும் கேட்டார்.

"வெர்டெல், உருளைக்கிழங்கு ஆறுது" என்றார்.

பிஷப்பைக் கேட்கலாம் என்று தொலைபேசினோம். மலையில் தொலைபேசி எடுக்காது. அக்கம்பக்கத்தில் ஆண்பிள்ளை தேடினோம். நான் மட்டும் போனால் மூப்பர் எக்பர்ட் தனியாகிவிடுவார் என்பதால் இரண்டு பேருமாகவே போனோம். எல்லா வீட்டிலும் பெண்கள்தான் வந்து திறந்தார்கள். ஆண்கள் எல்லாரும் மானுக்குப் போய்விட்டார்கள். பிரதர் நெபெக்கரைக் கூட்டிவரலாம் என்றால் மூப்பர் புலோட்டு தனியாகிவிடுவார். மூப்பர் புலோட்டையும் சேர்த்துக் கூட்டிவரலாம் என்றால் அவரைப் படியேற்றித் தூக்கிவர நாலு பேர் வேண்டும். நாலு பேர் இருந்தால் நாங்கள் ஏன் தெருவில் அலைகிறோம்?

ஊரில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஆண்பிள்ளை.

மௌரீன், அந்தக் கதவை நான்தான் தட்டினேன். பசியில் இருந்த ஒரு பிள்ளை பக்கத்தில் நின்றதால் வந்த தைரியமாக இருக்கலாம். ரிட்ஸோ திறந்தார். எங்களைப் பார்த்ததும் கதவை முக்கால்வாசி சாத்திவிட்டு, இடுக்கு வழியாகக் கேட்டார்.

"இப்ப எதை எடுத்துட்டுப் போக வந்தீங்க?"

"உங்களைத்தான்" என்றேன்.

அவருக்கு இரண்டாவது தடவை முழுவதும் விளக்க வேண்டியிருந்தது. கேட்டுவிட்டு, "அதாவது, நான் வந்து சும்மா உட்காரணும். சாப்பிடணும். அதுக்காக நீங்க எனக்குக் கடமைப்பட்டிருப்பீங்க" என்றார். ஆமாம் என்றேன். காலமெல்லாம் சூதாட்ட ஊரில் இருந்தும் இப்படி ஒரு நல்ல சீட்டு தன் கைக்கு வந்ததில்லை என்று சொல்லிக்கொண்டே கோட்டை மாட்டினார்.

சாப்பாடு நல்லபடியாக நடந்தது. நாம் வழக்கமாகச் 'சாவு வீட்டு உருளைக்கிழங்கு' என்று சொல்லும் அந்தப் பாலாடைக்கட்டி போட்ட உருளைக்கிழங்கைச் சிஸ்டர் லரூ அதே பெயர் சொல்லி நீட்டியபோது ரிட்ஸோ மட்டும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "யாரு போயிட்டாங்க?" என்று மெதுவாகக் கேட்டார். யாரும் இல்லை என்றதும் மூன்று தடவை போட்டுக்கொண்டார். காபி கேட்டார். இல்லை என்றதும் மனம் தளராமல் பாலைக் குடித்தார். மூப்பர் எக்பர்ட்டை, இரண்டு வருஷம் சினிமா இல்லாமல், பெண் சிநேகிதம் இல்லாமல், வீட்டுக்குப் போகாமல் எப்படி இருக்கிறாய் என்று விசாரித்தார். "வாரா வாரம் அம்மாகிட்டப் பேசுவேன் சார். பேசி முடிச்சதும் கொஞ்ச நேரம் கஷ்டமா இருக்கும். அப்புறம் துணி காயப் போடணும், அதுல மறந்துடும்" என்று அந்தப் பிள்ளை சொன்னது. ரிட்ஸோ தன் தட்டிலிருந்த பெரிய இறைச்சித் துண்டை எடுத்து அந்தப் பிள்ளையின் தட்டில் வைத்தார்.

அப்போது சிஸ்டர் லரூ என்னைப் பார்த்து, "மெசாவுக்குப் போறீங்களாமே?" என்றார்.

ஆமாம் என்றேன்.

"போகணும்னு ஆசையா?"

"மௌரீன் திரைச்சீலை தைச்சுட்டா."

"நான் திரைச்சீலையைப் பத்திக் கேக்கலை."

வேறு எதைப் பற்றிக் கேட்கிறார் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே ரிட்ஸோவின் நாய் அவர் வீட்டில் குரைக்க ஆரம்பித்தது. ஒரு நிமிஷம் என்று எழுந்து போனவர் திரும்பவில்லை. நான் எழுந்து நின்றுவிட்டேன். மூன்றாவது ஆள் இல்லை. மூப்பர் எக்பர்ட் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார், ஏனென்றால் மாவுக்குள் பூசணியை வைத்துச் சுட்ட 'பை' என்ற இனிப்பு அப்போதுதான் அடுப்பிலிருந்து வெளியே வந்திருந்தது. விதி விதிதான். வாசலுக்குப் போய்விட்டோம். சிஸ்டர் லரூ எழுந்துபோய்ப் பையை வெட்டித் தட்டில் வைத்தார். சமையலறை ஜன்னலைத் தூக்கிவிட்டு, அதன் வழியாகப் பை வைத்த தட்டை எங்களிடம் நீட்டினார். அவர் உள்ளே, நாங்கள் வெளியே, குளிரில் நின்று சாப்பிட்டோம். இப்படி ஒரு பை நான் சாப்பிட்டதில்லை. அதைச் சொன்னேன்.

அவர் ஜன்னல் சட்டத்தில் கையை ஊன்றிக்கொண்டு சொன்னார். "ஆறு வருஷமா என் சமையலை ஊரே வாசப்படியில உக்காந்துதான் சாப்பிடுது. இதுக்கு ஒரே வழிதான் இருக்கு வெர்டெல். இந்த வீட்டுல நிரந்தரமா ஒரு ஆம்பளை இருக்கணும்."

எனக்கு அது மிகவும் நடைமுறை சார்ந்த யோசனையாகப் பட்டது. "கீழ்த்தளத்தை வாடகைக்கு விடலாமே" என்றேன்.

"கீழ்த்தளத்துக்கு இல்லை."

"மேல்தளமா?"

மூப்பர் எக்பர்ட்டுக்குப் புரையேறியது. முதுகில் தட்டிக்கொடுத்தேன்.

"பெரிசா ஒண்ணும் வேண்டாம்," என்றார் சிஸ்டர் லரூ, "வயசானவரா, சாதுவா, சமைச்சதை நல்லா இருக்குன்னு சொல்றவரா இருந்தாப் போதும்."

அப்படிப்பட்டவர்கள் இந்தக் காலத்தில் கிடைப்பது கஷ்டம்தான், ஆனாலும் பிஷப் மலையிலிருந்து இறங்கியதும் சொல்லி விசாரிக்கச் சொல்கிறேன் என்று உறுதி கொடுத்தேன். அவர் எங்கள் கையிலிருந்த தட்டைப் பார்த்தார். பிறகு, "பைத் தட்டை ஞாயித்துக்கிழமை கொண்டுவாங்க. வேற யார்கிட்டயும் குடுத்து அனுப்ப வேண்டாம்" என்று சொல்லி ஜன்னலை இறக்கிவிட்டார். இறக்கிய வேகத்தில் கோபம் இருந்தது என்றே நினைக்கிறேன்.

வரும் வழியில் மூப்பர் எக்பர்ட் எனக்கு இரண்டு அடி முன்னால் வேகமாக நடந்தார். காது இரண்டும் சிவந்திருந்தன. நான் என்ன தப்பாகச் சொன்னேன் என்று கேட்டேன். வாடகை பற்றிப் பேசியதுதான் தப்போ என்றேன். கெஞ்சியே கேட்டேன். "அந்த மாதிரி விஷயமெல்லாம் மிஷன்ல இருக்கிறவரைக்கும் நான் பேசக்கூடாது பிரதர்" என்று சொல்லிவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தார். எந்த மாதிரி விஷயம் என்று கேட்டதற்கு, அதைச் சொன்னாலே பேசியதாகிவிடும் என்றார்.

பார்த்தாயா மௌரீன். ஒரு வாரம், ஒரே ஒரு வாரம் நான் வெளியே நடமாடினேன். ஒரு டோங்காப் பிள்ளைக்குக் கணுக்கால் போயிற்று. ஒரு மனிதரின் வீடு காலியாயிற்று. நல்ல சாப்பாடு போட்ட ஒரு விதவை மனம் வருந்தினார். அதுவும் எதனாலென்று எனக்கே தெரியாமல். நீ சொல்வது சரிதான், நான் தனியாக விட்டுவைக்கத் தகுந்த ஆள் இல்லை. உன் பின்பக்க அறையில், யாருடைய கால் வழியிலும் குனியாமல் இருந்துவிடுகிறேன். நல்ல அலமாரியாக ஒன்று பார்த்து வை, என் புத்தகங்களுக்கு.

பரமபிதா உங்கள் வீட்டையும், உங்கள் எலுமிச்சை மரங்களையும், மாப்பிள்ளையின் இரத்த அழுத்தத்தையும் காப்பாராக. பேரப்பிள்ளைகள் எல்லாருக்கும் என் ஆசீர்வாதம். ஒவ்வொருவர் பெயராக எழுதினால் யாராவது விட்டுப்போய்விடுவார்கள், அந்த வருத்தம் என்னால் தாங்க முடியாது, ஆகவே மொத்தமாக. பெரிய அலமாரி எதையும் தூக்க வேண்டாம் என்று மாப்பிள்ளையிடம் சொல்.

என்றும் உன் சொல் கேட்கும் அண்ணன்,
வெர்டெல் ஷம்வே

பி.கு. — ஞாயிற்றுக்கிழமை மாலை. மேலே எழுதியதில் சில திருத்தங்கள் உண்டு. பைத் தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூப்பர் எக்பர்ட்டும் வந்தார், வந்தாக வேண்டும். ஆனால் நான் கண்ணில் படும்படியாகத் தோட்டத்தின் கோடியில், தேனீப் பெட்டிகள் பக்கம் போய், முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு சபைப் பாட்டு ஒன்றைச் சத்தமாகப் பாடத் தொடங்கிவிட்டார். சிஸ்டர் லரூ இந்தத் தடவை சுற்றிவளைக்கவில்லை. "நிரந்தரமா இருக்கணும்னு கேட்டது உங்களை, வெர்டெல். வேற யாரையும் விசாரிக்கச் சொல்லலை" என்றார். எனக்குத் தட்டு கைதவறியிருக்க வேண்டும், ஆனால் ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தேன். என் தங்கைக்குச் சம்மதக் கடிதம் எழுதிவிட்டேனே என்றேன். "தபால்ல போட்டாச்சா?" இல்லை, ஞாயிற்றுக்கிழமை தபால் கிடையாது என்றேன். "அப்ப சரி" என்றார். நானும் யோசித்துப் பார்த்துச் சரி என்றேன். யோசித்ததாக எழுதுகிறேன், ஆனால் சரி என்பது முதலில் வந்தது, யோசனை பிறகுதான் வந்தது. இந்த வரிசை எனக்குப் பழக்கமில்லை. மூப்பர் எக்பர்ட் மூன்றாவது பாட்டில் இருந்தார்.

மானில்லாமல் மலையிலிருந்து இறங்கிய பிஷப் ஹாட்லக்கிடம் சொன்னோம். தோளில் இரண்டு கையும் போட்டார். நவம்பர் கடைசியில் சபை மண்டபத்தில் அவரே கல்யாணம் செய்துவைக்கிறார். நம் சபை முறைப்படி, மறுமையிலும் லரூ ஆர்வலுக்கே மனைவி என்று ஏற்கெனவே முத்திரையாகிவிட்டவள், ஆகவே எனக்கு இந்த உலகம் மட்டும்தான். எனக்கு அது தாராளம். என் வீட்டை விற்கவில்லை, மிஷனரிப் பையன்களுக்கே விட்டிருக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் அவசியம் வர வேண்டும். சாப்பாடு வீட்டுக்குள்ளேதான்.

இவ்வளவும் எழுதிவிட்டு வழக்கம்போல முதலிலிருந்து ஒருமுறை படித்துப் பார்த்தேன். உன் அனுமதி கேட்கும் வரி எங்கேயும் இல்லை. காகிதத்தின் அடியில் இன்னும் நிறைய இடம் இருக்கிறது. ஆனாலும் சேர்க்கவில்லை.